நானூற்றுப் பன்னிரண்டு பொட்டு

விஜயதசமி அன்று காலை ஒன்பது பத்துக்குச் சென்னையில் மெயின்ஃப்ரேம் படுத்துவிட்டது. ஒன்பதரைக்குக் காஞ்சிபுரத்தில் சந்தோஷ்குமாரின் கைபேசி அடித்தது. அவன் அப்போது தோசைக்கல்லின் முன் நின்று, இந்தத் தோசையைத் திருப்ப வேண்டுமா, இப்படியே தின்றுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான். கடந்த பதினொன்றரை மாதத்தில் அவன் எடுக்க வேண்டியிருந்த முடிவுகளில் இது பெரியதுதான்.

பேசியவர் மேலாளர் முனிரத்தினம். உடனே கிளம்பி வரச் சொன்னார். பிறகு, அவன் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வதுபோல, "மறுபூசை எல்லாம் முடிஞ்சிருச்சுபா. நீ தாராளமா உள்ள வரலாம்" என்றார்.

முதல் நாள் ஆயுத பூசைக்குச் சந்தோஷ் போகவில்லை. மனைவி போய் வருடம் திரும்பாதவன் பூசையில் நிற்பது முறையில்லை என்று முனிரத்தினம் முந்தின வாரமே பக்குவமாகச் சொல்லி, ஒரு நாள் விடுப்பும் கொடுத்திருந்தார். தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்று மூன்று முறை சொன்னார். சந்தோஷ் தப்பாகவும் எடுத்துக்கொள்ளவில்லை, சரியாகவும் எடுத்துக்கொள்ளவில்லை. அன்று முழுக்கப் படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் வேலை பார்த்த இடத்துக்கு அந்தப் பக்கத்தில் டேப் குடோன் என்று பெயர். அதை நடத்துவது சென்னையில் இருக்கும் ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனம். எந்த ஆஸ்பத்திரியில் யாரைச் சேர்த்தாலும், செலவை நாங்கள் ஏற்கிறோம் என்ற அனுமதி அவர்களுடைய மெயின்ஃப்ரேம் என்ற பெரிய கணினியிலிருந்து போக வேண்டும். சென்னை வெள்ளத்தில் அவர்கள் கட்டடத்தின் கீழ்த்தளம் மூழ்கியது. ஆபத்துக்கு உதவும் என்று டேப்பில் எடுத்து வைத்திருந்த பிரதிகளும் அதே கீழ்த்தளத்தில்தான் இருந்தன. அதற்குப் பிறகு பிரதிகளை எழுபது கிலோமீட்டர் தள்ளி வைப்பது என்று தீர்மானமாகி, சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு வியாபாரியின் குடோனை வாடகைக்குப் பிடித்தார்கள். பட்டுக்கும் டேப்புக்கும் வேண்டியது ஒன்றுதான். ஈரம் கூடாது, வெயில் கூடாது, எலி கூடாது. இருபத்திரண்டு வருடம் அந்தக் குடோனை ஒரு பூச்சி அண்டாமல் பார்த்துக்கொண்ட முனிரத்தினத்தையும் கட்டடத்தோடு சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். திறப்பு விழாவுக்கு வந்த அதிகாரி, டேப் எல்லாம் இங்கே பத்திரமாக இருக்குமா என்று கேட்டதற்கு, "சாமியையே நாப்பது வருசம் குளத்துக்குள்ள வச்சு முழுசா எடுக்கற ஊரு சார் இது" என்று அவர் சொன்னது நிறுவனத்தின் ஆண்டு மலரில் படத்தோடு வந்தது.

அதெல்லாம் சரி, கணினி தெரிந்த ஆள் ஒருவர் வேண்டுமே. அது தீபிகா, சந்தோஷின் மனைவி. ஏழு வருடம் அங்கே காப்பாளராக இருந்தாள். போன வருடம் ஆயுத பூசை விடுமுறையில் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். ஐந்தாம் நாள் முடிந்துவிட்டது. நிறுவனம் இரங்கல் கடிதத்தோடு, கருணை அடிப்படையில் அந்த வேலையை அவனுக்கே கொடுத்தது. அவன் நெடுஞ்சாலையோரப் பொறியியல் கல்லூரி ஒன்றில் கணினி நடத்திக்கொண்டிருந்தவன். விண்ணப்பப் படிவத்தில் 'இறந்த ஊழியரின் மனைவி' என்று மட்டும்தான் அச்சிட்டிருந்தது. மனைவியை அடித்துவிட்டு, மேலே கணவன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அடித்தல் திருத்தல் கூடாது என்று படிவம் ஒருமுறை திரும்பி வந்தது.

டேப் என்பது உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்புப் பெட்டி. குடோனில் மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றின் முகப்பிலும் ஒரு வெள்ளைச் சீட்டு, அதில் ஒரு எண், எண்ணுக்குக் கீழே பார்கோடு. கண்ணாடி அறைக்குள் ஒரு ரோபோ கை இருந்தது. அதன் நுனியில் இருக்கும் கண் சீட்டைப் படித்து, சென்னை எந்த டேப்பைக் கேட்கிறதோ அதை உருவிப் படிப்பானில் செருகும்.

சந்தோஷ் போய்ச் சேர்ந்தபோது அந்தக் கை மேல் வரிசையிலிருந்து ஒவ்வொரு டேப்பின் முன்னாலும் நின்று, உற்றுப் பார்த்து, நகர்ந்து, கடைசி டேப்பையும் பார்த்துவிட்டு மூலைக்குத் திரும்பியது. பிறகு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

"காலையிலேர்ந்து இப்பிடித்தான் பிரதட்சிணம் வந்துக்கினு இருக்குது" என்றார் முனிரத்தினம்.

சந்தோஷ் கண்ணாடிக்கு அருகே போய்ப் பார்த்தான். சீட்டுகள் எல்லாம் வெள்ளையாக இருந்தன. எண் இல்லை, கோடு இல்லை. ஓரங்களில் மட்டும் லேசான மஞ்சள்.

விசாரித்ததில் தெரியவந்தது இதுதான். பட்டு இருந்த காலத்தில் ஆயுத பூசைக்குக் குடோனில் ஒவ்வொரு கட்டுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். ஒன்றைக்கூட விடக் கூடாது. பட்டு போய் டேப் வந்த பிறகும் முனிரத்தினம் அந்த வழக்கத்தை விடவில்லை. பொட்டு வைப்பது அம்சா. கூட்டித் துடைப்பதும், வாசலில் பெண்களின் பையைச் சோதிப்பதும் அவள் வேலை. தீபிகா இருந்தவரை பூசையன்று அம்சாவின் பக்கத்திலேயே நின்று, ஒவ்வொரு டேப்புக்கும் முதுகுப் பக்கம் வைக்கச் சொல்வாளாம்.

"முதுகுல யாருனா பொட்டு வப்பாங்களா?" என்றாள் அம்சா. "அந்தம்மா சொல்லுதேன்னு வச்சிக்கினு இருந்தேன். இந்த வருசம் சொல்றதுக்கு ஆளு இல்ல. ஐயா நெத்தியில வையின்னாரு, வச்சேன்."

டேப்புக்கு நெற்றி எது என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. வெள்ளையாக இருந்த ஒரே இடம் அந்தச் சீட்டுதான்.

காலை ஏழு மணிக்கு மறுபூசைக்கு வந்த முனிரத்தினம், ரோபோவின் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்துச் சந்தனத்தைத் துடைக்கச் சொன்னார். காய்ந்த சந்தனம் தண்ணீருக்கு மசியவில்லை. கொரோனா காலத்தில் வாங்கிய சானிடைசர் இரண்டு கேன் மிச்சம் இருந்தது. அம்சா அதில் துணியை நனைத்து ஒன்று விடாமல் துடைத்தாள். அவள் செய்கிற எந்த வேலையும் அரைகுறையாக இருக்காது. சீட்டில் இருந்ததோ, பஸ் டிக்கெட்டில் வருமே, அந்த மாதிரிச் சூட்டு அச்சு. சந்தனத்தோடு சேர்ந்து எண்ணும் போயிற்று, கோடும் போயிற்று. கடைசி டேப்பைத் துடைத்து வைத்த பத்தாவது நிமிடத்தில் சென்னையில் மெயின்ஃப்ரேம் படுத்தது. இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. அம்சா மட்டும் சம்பந்தம் இருப்பதாக நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சென்னையில் மெயின்ஃப்ரேமுக்குப் பொறுப்பு தேவிப்ரியா. அவள் தொலைபேசியில் சொன்னாள். புதிய அமைப்புக் கோப்புகள் ஒரு மாதமாகத் தயாராக இருந்தன. விஜயதசமி அன்று நல்ல நேரம் பார்த்து ஏற்ற வேண்டும் என்று மேலிடத்தில் ஒருவர் பிடிவாதம் பிடித்தார். ஏற்றினார்கள். அதில் ஒரு வரி தப்பு. சென்னையிலேயே, முதல் இயந்திரத்துக்கு ஒன்று ஆனால் இருக்கட்டும் என்று, இரண்டாவது இயந்திரம் ஒன்று உண்டு. முதலில் நடப்பதையெல்லாம் நான்கே நொடியில் அப்படியே பிரதி எடுத்துக்கொள்ளும். தப்பையும் எடுத்துக்கொண்டது.

அமைப்புக் கோப்புகள் என்றால் பெரிய சமாச்சாரம் இல்லை. மெயின்ஃப்ரேம் விழிக்கும்போது முதலில் படிக்கும் சின்னச் சின்னக் கோப்புகள். நீ யார், உன் வட்டுகள் எங்கே இருக்கின்றன, யாரை உள்ளே விடலாம், யாரை விடக் கூடாது. அவ்வளவுதான். வாடிக்கையாளர் விவரம் அத்தனையும் பத்திரமாக இருந்தது. விழித்தவுடன் தான் யார் என்பது மட்டும் இயந்திரத்துக்குத் தெரியவில்லை. சந்தோஷுக்கு இது விளக்கம் இல்லாமலே புரிந்தது.

"நூத்தி நாப்பத்தாறு பேர் அப்ரூவலுக்கு வெயிட்டிங்" என்றாள் தேவிப்ரியா. "ஹாலிடேன்றதால கம்மி. எமர்ஜென்சி மட்டும்தான். போன வாரத்து கான்ஃபிக் டேப்பைப் போட்டு லைன்ல அனுப்புங்க, போதும்."

ஆஸ்பத்திரிக் காப்பீட்டுக் கவுன்டரின் முன்னால் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் நாற்காலிகள் இருக்கும். போன வருடம் சந்தோஷ் அதில் ஒன்றில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். நாற்காலியின் முதுகில் யாரோ பேனாவால் ஒரு மீன் வரைந்திருந்தார்கள். நூற்று நாற்பத்தாறு பேர் என்றதும் அவனுக்கு அந்த மீன் ஞாபகம் வந்தது.

எந்த டேப்பில் எது இருக்கிறது என்று பட்டியல் இருக்குமே, அதைப் பார்த்து எடுக்க வேண்டியதுதானே என்றார் முனிரத்தினம்.

"பட்டியல் மெயின்ஃப்ரேம்ல இருக்குது சார்."

"எடேன்."

"மெயின்ஃப்ரேம் எழுந்திருக்கணும்."

"அத எழுப்ப?"

"டேப் வேணும்."

முனிரத்தினம் சற்று நேரம் ரோபோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இந்த ஏற்பாட்டைச் செய்தது நம்மூர்க்காரன் இல்லையே என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

தீபிகா வாராவாரம் அந்தப் பட்டியலைக் காகிதத்தில் அச்சிட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டி வைப்பாள். அவன் வந்த மூன்றாம் மாதம் 'காகிதமற்ற அலுவலகம்' என்று சுற்றறிக்கை வந்தது. சந்தோஷ் அன்றே நிறுத்திவிட்டான். எதையாவது நிறுத்தச் சொன்னால் அவனுக்குச் சுலபமாக இருந்தது. வெறும் கிளிப் மட்டும் இன்னும் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

இனி ஒவ்வொரு டேப்பாகக் கையால் செருகித்தான் பார்க்க வேண்டும். ஒன்றுக்கு ஆறு நிமிடம். நானூற்றுப் பன்னிரண்டுக்கு நாற்பத்தோரு மணி நேரம். சந்தோஷ் இதை மனக்கணக்காகப் போட்டுத் தேவிப்ரியாவிடம் சொன்னான். அவள், அதிர்ஷ்டம் இருந்தால் முதலிலேயே கிடைக்கலாம் இல்லையா என்றாள். கிடைக்கலாம் என்றான். இடது மூலையிலிருந்து ஆரம்பித்தான்.

பன்னிரண்டு மணி ஆனபோது பதினேழு டேப் பார்த்திருந்தான். பதினைந்தில் பழைய காப்பீட்டுக் கோரிக்கைகள். ஒன்று காலி. ஒன்றில் நிறுவனத்தின் ஆண்டு மலர்.

அம்சா டீ கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். முனிரத்தினம் வாசலில் போனில் யாருக்கோ விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பதைத் திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள்.

"தம்பி, ஒண்ணு சொன்னா யாருகிட்டயும் சொல்ல மாட்டியே?"

அவன் டீயைக் குடித்தான்.

"தீபிகாம்மா வருசா வருசம் பூசைக்கு மொத நாளு ஒரு டேப்ப வூட்டுக்கு எடுத்துக்கினு போவும். டிபன் டப்பாக்குக் கீழ வச்சி. பையத் தொறந்து பாக்கறது நான்தானே, எனக்குத் தெரியாதா? கேட்டதுக்கு, பொட்டு படாத ஒண்ணு எங்கனா இருக்கணும் அம்சாக்கா, அப்டின்னுச்சு. பூசை முடிஞ்சி வேலைக்கு வர்ற அன்னிக்குத் திருப்பிக் கொண்டாந்து வச்சிடும்." வாசல் பக்கம் மறுபடி பார்த்துக்கொண்டாள். "போன வருசம் எடுத்துக்கினு போச்சு. கொண்டாரல."

சந்தோஷ் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"நானு யாருகிட்டயும் சொல்லலப்பா. சொன்னா என்ன கேள்வி கேப்பாங்கோ, ஏன் வுட்டேன்னு. அதுவும் செத்துப்போனவங்க மேல..."

சாப்பிட்டு வருவதாக முனிரத்தினத்திடம் சொல்லிவிட்டுப் பைக்கை எடுத்தான். முதல் நாள் உடைத்த பூசணிக்காய்களால் தெருவெல்லாம் வழுக்கியது. ஆட்டோக்களின் முகப்பில் வாடிய வாழைக்கன்று. புரட்டாசிக் கூட்டம் வேறு, வரதர் கோயில் பக்கம் வண்டியை நகர்த்த முடியவில்லை. நின்ற இடத்தில் யோசித்தான். டேப்பை வெளியே கொண்டுபோனால் பணிநீக்கம் என்று குடோன் சுவரில் சிவப்பில் எழுதியிருக்கிறது. அதற்கு இரண்டடி தள்ளித் தீபிகாவின் படம், மாலையோடு, சிறந்த காப்பாளர் என்ற பட்டயத்தோடு. அவன் வேலை அவளுடைய நல்ல பெயரின் மேல் நிற்கிறது. அவள் விதி மீறியவள் என்றால் கருணைக்கு அடிப்படை இல்லை. வேலை போனால் போகட்டும், தாமல் கிராமத்தில் அப்பாவுக்கு நிலம் இருக்கிறது. ஆனால் யாரோ ஒரு குமாஸ்தா நாற்காலி போட்டு ஏறி அந்தப் படத்தைக் கழற்றுவான். அதை அவன் பார்க்க வேண்டியிருக்கும்.

கைபேசி அடித்தது. இருநூற்றுப் பதினொன்று என்றாள் தேவிப்ரியா.

பீரோ சாவி காலண்டர் ஆணியில் தொங்கியது. பதினாறாம் நாள் முதல் அங்கேயேதான் தொங்குகிறது. தினமும் தேதி கிழிக்கும்போது கையில் படும். திறந்ததும் அந்துருண்டை வாசனை வந்தது. அவன் தணிக்கைக்கு வந்த ஆள்போல மேல் தட்டிலிருந்து வரிசையாக ஆரம்பித்தான். எடுத்த புடவையை எடுத்த இடத்திலேயே வைத்தான். மூன்றாவது தட்டில் பட்டுப் புடவைகள். டேப் ஏதாவது ஒரு பட்டுக்குள் இருக்கும் என்று நினைத்து ஒவ்வொன்றாக விரித்தான். இல்லை. கீழ்த்தட்டில், கல்யாணப் புடவைப் பெட்டிக்குப் பின்னால், மடித்த ஒரு வெள்ளை வேட்டி இருந்தது. அவனுடைய வேட்டி. ஓரம் கிழிந்தது. இது காணவில்லை என்று இஸ்திரிக்காரரோடு சண்டை போட்டு, அவர் கடையையே மாற்றியிருந்தான்.

வேட்டிக்குள் டேப் இருந்தது. பட்டில் சுற்றினால் உரசி மின்னேற்றம் வரும், டேப்புக்கு ஆகாது. பருத்தி என்றால் ஒன்றும் ஆகாது. பன்னிரண்டு பட்டுப் புடவை இருந்த பீரோவில் அவள் அவனுடைய கிழிந்த வேட்டியைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம். வேறு காரணம் இருப்பதாக நினைத்துக்கொள்ள அவன் முயன்று பார்த்தான். முடியவில்லை. அவள் அந்த மாதிரி ஆளே இல்லை.

சீட்டில் எண் கறுப்பாக, தெளிவாக இருந்தது. கீழே அவள் கையெழுத்தில், அமைப்பு, முழுப் பிரதி, தேதி.

ஏதாவது தோன்ற வேண்டும் என்று கொஞ்ச நேரம் நின்றான். கைபேசிதான் அடித்தது. இருநூற்று நாற்பது.

குடோனில் முனிரத்தினத்தின் மேசை மேல் டேப்பை வைத்தான். எங்கே இருந்தது என்று அவர் கேட்டார். பொய் ஒன்று கையில் தயாராகத்தான் இருந்தது, அலமாரிக்கு அடியில் என்று. அவன் வாய் சோம்பேறி. உண்மை சின்னதாக இருந்தது.

"வீட்ல. தீபிகா எடுத்துட்டு வந்து வச்சிருக்கா."

முனிரத்தினம் டேப்பை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் கறுத்தது. "முப்பது வருசத்துல இந்தக் கேட்ட தாண்டி ஒரு கர்ச்சீப் போனதில்ல" என்றார். சுவரில் இருந்த சிவப்பு எழுத்தைப் பார்த்தார். அதற்குப் பக்கத்தில் இருந்த படத்தைப் பார்த்தார். கேட்டில் நின்றிருந்த அம்சாவைப் பார்த்தார். அம்சா வேறெங்கோ பார்த்தாள்.

"என் பூசைக்குப் பயந்து எடுத்துக்கினு போயிருக்குது" என்றார் கடைசியாக. குரலில் கோபத்தைவிட மானக்கேடு அதிகம் இருந்தது. "மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேனா?"

கேட்டிருக்க மாட்டார் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

"ரிப்போர்ட் பண்ணணும்னா பண்ணுங்க சார்."

"பண்ணலாம். செத்தவங்கள டிஸ்மிஸ் பண்றதுக்கு ஃபாரம் எங்கபா இருக்குது? நான் எழுதிக் கேட்டு, அவங்க அச்சடிச்சு, அதுல அடித்தல் திருத்தல் இருக்குதுன்னு திரும்பி வந்து... நான் ரிட்டயர் ஆயிடுவேன்." டேப்பை அவன் பக்கம் தள்ளினார். "போய் மெஷின்ல போடு."

ஒரு வருடப் பழைய கோப்புகள். தேவிப்ரியா கவலைப்படவில்லை. எழுந்து நின்றால் போதும், பட்டியல் கிடைத்துவிடும், பிறகு வந்த மாற்றங்களைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்றாள். பிற்பகல் மூன்றே காலுக்கு மெயின்ஃப்ரேம் விழித்தது. தான் யார் என்று அதற்குத் தெரிந்தது. போன வருடம் புரட்டாசி என்று நினைத்துக்கொண்டு விழித்தது; கடிகாரம் மட்டும் இன்றைய தேதியில் ஓடியது.

கதவு மட்டும் இன்னும் திறக்கவில்லை. காஞ்சிபுரத்து டேப்பிலிருந்து எழுப்பினால், சென்னையில் ஒருவரும் காஞ்சிபுரத்தில் ஒருவரும் தனித்தனியே உள்ளே போய்ச் சரி என்று சொல்ல வேண்டும். தேவிப்ரியா சொல்லிவிட்டாள். சந்தோஷ் தன் பெயரைத் தட்டினான். அப்படி ஒருவர் இல்லை என்றது. அவன் பெயர் சேர்ந்தது டிசம்பரில். காஞ்சிபுரத்தில் ஒரே ஒரு பெயர்தான் அதற்குத் தெரிந்திருந்தது.

"தீபிகான்னு காட்டுது" என்றாள் தேவிப்ரியா. அவள் குரல் இறங்கியது. "சாரி சந்தோஷ். அவங்க பாஸ்வேர்டு... உங்களுக்குத் தெரியும்னா, நான் கேட்டதா இருக்க வேணாம். மூணு தடவை தப்பானா லாக் ஆயிடும். முந்நூத்தி நாலு பேர் இருக்காங்க."

ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பாள். கையில் மாவு இருந்தால், கொஞ்சம் தட்டுங்களேன் என்று அடுப்படியிலிருந்தே சொல்வாள். மாதம் ஒருமுறை கடவுச்சொல்லை மாற்ற வேண்டும் என்று விதி. அவள் அவனுக்குப் பிடிக்காத காய்கறிகளின் பெயரை மாதத்துக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு போனாள். பட்டியல் நீளம், இன்னும் நான்கு வருடத்துக்குத் தாங்கும் என்பாள். அவன் சிரிக்க மாட்டான். கல்லூரியில் கடவுச்சொல் பாதுகாப்பு என்று ஒரு பாடமே நடத்துபவன். இப்படி வைப்பது தப்பு என்பான்.

பாகற்காய் என்று தட்டினான். தப்பு என்றது.

புடலங்காய் ஆகஸ்ட். அது நிச்சயம், சுதந்திர தினத்தன்று அதற்காக வாக்குவாதம் நடந்தது. செப்டம்பரில் முள்ளங்கி. அக்டோபரில் புரட்டாசி பாதி ஓடியிருக்கும், வீட்டில் கறி கிடையாது. அவள் கூட்டு, பொரியல், சாம்பார் என்று ஒரே காயை மூன்று வேளையும் ஆக்கினாள். சந்தையில் மலிவாக இருக்கிறதே என்றாள். மூன்றாம் நாள் அவன் தட்டைத் தள்ளிவிட்டு வெளியே போய்ப் பரோட்டா தின்றான்.

சௌசௌ என்று தட்டினான்.

வணக்கம் தீபிகா என்றது திரை. அதன் கீழே ஒரு வரி. நீங்கள் கடைசியாக உள்ளே வந்தது: வியாழக்கிழமை, மாலை 5.52.

அன்று ஆறரைக்கு வீட்டுக்கு வந்தாள். தலை வலிக்கிறது என்றாள். அவன் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தான். மாத்திரை போடு என்றான், நிமிராமல்.

அந்த வரி ஒருமுறைதான் காட்டும். இனி யார் இந்தப் பெயரில் வந்தாலும் இன்றைய தேதியையும் மூன்று இருபத்தெட்டையும்தான் காட்டும். தேவிப்ரியா இரண்டு முறை ஹலோ சொன்னாள். அவன் சரி என்ற பொத்தானை அழுத்தினான்.

முந்நூற்று நான்கு, முந்நூறாயிற்று, இருநூற்று எண்பதாயிற்று. தேவிப்ரியா எண்களைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். நூறுக்குக் கீழே வந்ததும் சொல்வதை நிறுத்திவிட்டு மூக்கைச் சிந்தினாள். அவன் படிப்பானிலிருந்து டேப்பை வெளியே எடுத்தான். அதில் இன்னும் 5.52 தான் இருக்கும். டேப்பின் ஓரத்தில் நகத்தால் தள்ளும் அளவு ஒரு சின்னக் குமிழ் உண்டு. அதைத் தள்ளிவிட்டால் அந்த டேப்பில் யாரும் எதையும் மேலே எழுத முடியாது. தள்ளிவிட்டான்.

நாலேகாலுக்கு முனிரத்தினம் தன் கணினியின் முன்னாலிருந்து அவனைக் கூப்பிட்டார். வருகைப் பதிவேடும் அதே மெயின்ஃப்ரேமில்தான். அரசு விடுமுறை நாளில் அதற்குள் போய் வேலை செய்தவருக்கு ஈடாக ஒரு நாள் விடுப்பு தானாக வரும். மேலாளர் ஒப்புதல் கொடுக்க வேண்டும். திரையில் காஞ்சிபுரம் கிளையிலிருந்து ஒரே ஒரு பெயர் ஒப்புதலுக்குக் காத்திருந்தது.

"உனக்கு ஒரு நாள் போடலாம்னு தேடிப் பாத்தேன்பா. நீ இந்தக் கம்பெனியிலயே இல்லன்னுது" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத என்ன பண்றது? வேணாம்னு அடிச்சிடவா?"

சந்தோஷ் திரையைப் பார்த்தான்.

"குடுத்துடுங்க சார்."

"எந்தத் தேதிக்குன்னு கேக்குது."

"திங்கக்கிழமை."

திங்கட்கிழமை அவளுக்கு வருஷத் திதி. அன்றைக்குத்தான் சென்னையிலிருந்து தணிக்கை வருகிறது, காப்பாளர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று அவனுடைய விடுப்பு விண்ணப்பத்தை முனிரத்தினம் முந்தின வாரம் திருப்பிக் கொடுத்திருந்தார். அவர் இப்போது ஒற்றை விரலால் தேதியைத் தட்டினார், ஒப்புதல் என்ற இடத்தில் அழுத்தினார்.

பதில் உடனே வந்தது. தீபிகா திங்கட்கிழமை வேலைக்கு வர வேண்டியதில்லை.